கியர் இல்லாத லைசென்ஸும் கேட்பாரில்லாத உழைப்பாளியும்

போன மாதம் நம் குடியிருப்பில் ஒரு சாவு. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. தகப்பனார் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தாராவிக்கு வந்து சேர்ந்த குடும்பம். தகப்பனார் தோல் கிடங்கில் உழைத்து உழைத்து நெஞ்சு கெட்டுப் போனவர். தாயார் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து விற்பவர். பையன் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, கைப்பேசியில் வரும் உத்தரவுப்படி வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து வந்தான். மழை இரவில், பதினொரு மணிக்கு, மேம்பாலத்தில் வண்டி சறுக்கியது. அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாயாரை அழைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். சொந்த வண்டி ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீட்டுக்கும் சேர்த்துத்தான் பையன் பணம் கட்டியிருந்தான். உரிமையாளர் இறந்தால் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம் ரூபாய். முன்பு இரு சக்கர வண்டிக்கு வெறும் ஒரு லட்சமாக இருந்த இந்தத் தொகை 2018-ல்தான் பதினைந்து லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆபீசில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, பையன் எப்படி இறந்தான் என்பதல்ல. வீட்டில் இனி யார் சம்பாதிப்பார்கள் என்பதுமல்ல. "லைசென்ஸைக் காட்டுங்கள்" என்பதுதான்.

காட்டினோம். அதில் "கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்" என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவன் ஓட்டியதோ கியர் உள்ள வண்டி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோப்பை மூடி வைத்தார். அது இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

அந்த லைசென்ஸை அவன் எப்படி வாங்கினான்? ஒரு புரோக்கரிடம் நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினான். "ஸ்கூட்டரில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு, போதும். கியர் வண்டி கொண்டுவந்தால் அதிகாரி தொந்தரவு பண்ணுவார். லைசென்ஸ் என்றால் எல்லாம் லைசென்ஸ்தான்" என்று அந்தப் புண்ணியவான் சொன்னாராம். எல்லாம் லைசென்ஸ்தானா? அந்தத் தாயாரைக் கேளுங்கள், தோழர்களே!

லைசென்ஸ் என்பது நாற்சந்தியில் போலீஸ்காரரிடம் நீட்டுவதற்கான சீட்டு என்றே இத்தனை நாள் நினைத்து வந்தோம். அது நம் குடும்பத்தின் பத்திரம். நிலப்பத்திரத்தில் சர்வே எண் தவறினால் நிலம் எப்படிக் கைவிட்டுப் போகுமோ, அப்படியே லைசென்ஸில் வண்டியின் வகை தவறினால் நம் உழைப்புக்குக் கிடைக்கவேண்டிய ஈடு கைவிட்டுப் போகும். ஆகவே இதை நாம் நன்றாகத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

வகை என்றால் என்ன?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனித்தனியே அனுமதி கேட்கிறது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒரு வகை. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் இன்னொரு வகை. கார் போன்ற இலகு ரக வாகனம் வேறு வகை. காருக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் அதைக் காட்டி மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது.

இன்று நம் பெண்களும் பிள்ளைகளும் ஓட்டுகிற, கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற ஸ்கூட்டர்கள் எல்லாம் கியர் இல்லாத வகை. காலால் கியர் மாற்றி, கையால் கிளட்ச் பிடிக்கிற வண்டிகள் கியர் உள்ள வகை. கியர் உள்ள வண்டிக்கு லைசென்ஸ் வாங்கியவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை எங்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியவர் கியர் வண்டியில் ஏறினால், சட்டத்தின் கண்ணில் அவர் அந்த வண்டிக்கு லைசென்ஸ் இல்லாதவர். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த சொந்தக்காரரும் குற்றவாளிதான்.

இன்னொரு புரட்டையும் சொல்லிவிடுகிறோம். "உன் வண்டி பெரிய இன்ஜின், அதற்கு வேறு லைசென்ஸ் வேண்டும்" என்று சொல்லித் தனியாகப் பணம் கறக்கிறார்கள். நம் நாட்டில் கியர் உள்ள வண்டிகளுக்குள் அப்படி ஒரு பிரிவினை கிடையாது. 100 சி.சி. வண்டியும் 350 சி.சி. வண்டியும் ஒரே வகைதான். மின்சார ஸ்கூட்டர் விஷயத்திலோ இதற்கு நேர்மாறான புரட்டு. "கரண்டில் ஓடும் வண்டிக்கு லைசென்ஸே வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்வார். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்று இருக்கிற சின்ன வண்டிகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதைவிட வேகமாகப் போகிற மின்சார ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட்டும் வேண்டும், லைசென்ஸும் வேண்டும்.

எழுநூறு ரூபாய் வேலைக்கு நாலாயிரமா?

இப்போது கணக்குக்கு வருவோம். மத்திய அரசின் விதிப்படி ஒரு வகை வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸ் கட்டணம் 150 ரூபாய். அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300 ரூபாய். லைசென்ஸ் கொடுக்க 200 ரூபாய். கூட்டிப் பாருங்கள்: 700 ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் சில்லறைக் கட்டணம் கொஞ்சம் கூடலாம். மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் யார் வயிற்றுக்குப் போகிறது? மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்த காசு, யாரோ ஒருவருடைய மாலை நேரச் செலவுக்குப் போகிறது!

அந்த வேலை அப்படி என்ன மலையைப் புரட்டும் வேலையா? முதலில் பழகுநர் லைசென்ஸ். கியர் உள்ள வண்டிக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். போக்குவரத்துச் சின்னங்கள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத ரயில் கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள், இவற்றைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். பத்து நாள் மாலையில் உட்கார்ந்து படித்தால் யாரும் தேறலாம். தனிப்பட்ட உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கு இத்தனாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டாம். தன் உடல்நிலை பற்றித் தானே கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும்.

பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து முப்பது நாள் கழிந்த பிறகு ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். எந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டுமோ அந்த வகை வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். இங்கேதான் புரோக்கரின் சூது. கியர் வண்டியில் தேர்வு வைத்தால் பையன் தவறிவிடுவான், தன் பேர் கெடும் என்று, கேட்காமலேயே ஸ்கூட்டர் வகைக்கு விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறார். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் பையன் கையெழுத்து மட்டும் போடுகிறான்.

தவறினால்தான் என்ன? ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால்தான் அறுபது நாள் காத்திருக்க வேண்டும், மறுபயிற்சியும் பெற வேண்டும். எட்டு போடத் தெரியாதவன் ஏழு நாள் மைதானத்தில் எட்டு போட்டுப் பழகட்டும். மழையில் நனைந்த மேம்பாலத்தில் அந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும். புரோக்கர் வந்து கை கொடுக்க மாட்டார்.

2021-லிருந்து, ஆதார் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பழகுநர் தேர்வு எழுதும் வசதி வந்தது. இனி தரகர்கள் ஒழிந்தார்கள் என்று மகிழ்ந்தோம். நடந்தது என்ன? கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை வாங்கிக்கொண்டு தேர்வையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். சிவப்பு விளக்குக்கும் மஞ்சள் விளக்குக்கும் என்ன அர்த்தம் என்று புரோக்கர் தேறியிருக்கிறார். வண்டி ஓட்டப் போவது நம் பிள்ளை!

ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு உரிமை இல்லையா?

நம்மவர்கள் புரோக்கரிடம் போவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல என்பதை நாம் அறிவோம். பயம்தான் பெரிய காரணம். "நாம் வெளியூர்க்காரர்கள். வாடகை வீட்டுக்கு எழுத்து கிடையாது. ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது. ஆதாரில் ஊர் விலாசம். மராத்தியிலோ இந்தியிலோ கேள்வி கேட்டால் நாக்கு எழும்பாது." இந்தப் பயம்தான் தரகரின் முதலீடு. அவர் விற்பது லைசென்ஸ் அல்ல, நம் பயத்தை நமக்கே திருப்பி விற்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒருவர் எந்த மாநிலத்தில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ, தொழில் செய்கிறாரோ, அந்த மாநிலத்தின் எந்த லைசென்ஸ் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். இது 2019-ல் செய்த திருத்தம். சொந்த ஊர் எது என்று சட்டம் கேட்கவில்லை. வயதுக்கும் விலாசத்துக்கும் குறிப்பிட்ட சான்றுகளைக் கேட்கும் அதே விதி, தக்க காரணத்தால் அவற்றைக் காட்ட முடியாதவர் மாஜிஸ்திரேட் முன்போ நோட்டரி முன்போ சத்தியம் செய்து தரும் அபிடவிட்டை அதிகாரி ஏற்கலாம் என்றும் சொல்கிறது. இந்த வாசகத்தை எந்தப் புரோக்கராவது நமக்குச் சொன்னதுண்டா? சொன்னால் அவர் பிழைப்பு என்னாவது? "ஏற்கலாம்" என்ற சொல் அதிகாரியின் விருப்பத்துக்கு இடம் தருகிறது என்பது உண்மை. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போவோம் என்கிறோம்.

இன்னும் ஒன்று. ஊரிலேயே லைசென்ஸ் வாங்கி வந்தவர்களை "மதராஸ் லைசென்ஸ் இங்கே செல்லாது" என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள். இது பச்சைப் பொய். சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இந்தியாவில் எங்கு கொடுத்த லைசென்ஸும் இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. நெல்லையில் வாங்கிய லைசென்ஸ் பம்பாயிலும் செல்லும், காஷ்மீரிலும் செல்லும். கைப்பேசியில் டிஜிலாக்கரில் வைத்திருந்து காட்டினாலும் அது செல்லுபடியாகும்.

நம் வீட்டுக் குற்றம்

பிறரைச் சாடும்போது நம் வீட்டுக் குப்பையை மறைப்பது நேர்மையல்ல. பழகுநர் லைசென்ஸை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறோமே, அது யார் குற்றம்? பழகுபவர் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தை மாட்டியிருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுப்பவராகக் கூட இருக்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பாட்டுப் பை சுமந்து ஓட்டுவது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

பத்தாம் வகுப்புப் பையன் ஸ்கூட்டரில் பறப்பதைப் பார்த்துப் பூரித்துப்போகும் தகப்பன்மார்களே! பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டு என்பது, 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. என்றுதான் வருகின்றன. ஆகவே அந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை குற்றம் செய்து பிடிபட்டால் தகப்பனுக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டி ஓட்டிப் பிழைக்க வேண்டிய வயதில் ஏழு ஆண்டுகளை அவன் இழக்க வேண்டுமா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் போடாததால் மடிந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர். அரசாங்கமே வெளியிட்ட கணக்கு இது. சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும் இந்த எண்ணிக்கைக்காவது அஞ்சுவோம்.

கம்பெனியே, அரசே, உங்களுக்கும் சொல்கிறோம்

உழைப்பாளியிடம் மட்டும் ஒழுங்கு கேட்டால் போதுமா? நம் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அவர்களைத் தொழிலாளி என்று சொல்வதில்லை. "பார்ட்னர்" என்கின்றன. பங்காளியாம்! லாபத்தில் பங்கு கிடையாது. வண்டி, பெட்ரோல், அபராதம், சாவு எல்லாவற்றிலும் முழுப் பங்கு! சேரும் நாளில் லைசென்ஸைப் படம் பிடித்து வாங்கிக்கொள்ளும் கம்பெனி, அதில் எந்த வகை எழுதியிருக்கிறது, பையன் எந்த வண்டி ஓட்டுகிறான் என்று ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், "தம்பி, இந்த லைசென்ஸ் இந்த வண்டிக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தத் தாயார் இன்று இப்படி நிற்க மாட்டார்.

2020-ல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்தத் தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கம்பெனிகள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் அவர்களுடைய நலனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. நல்லது. அந்தப் பணத்தில் முதல் செலவு, ஒவ்வொரு உழைப்பாளிக்கும் முறையான பயிற்சியும் சரியான வகை லைசென்ஸும் பெற்றுத் தருவதாக இருக்கட்டும் என்று கேட்கிறோம்.

அரசுக்கும் ஒரு கேள்வி. 2021-ல் வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்துச் சான்று வாங்கியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு. அந்த நிலையங்களைத் தனியார் நடத்தலாம். பயிற்சி நல்லது, அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கான பணமும் பகல் நேரமும் யாரிடம் உண்டு? காசு உள்ளவனுக்குக் குளிர்ந்த அறையில் சான்றிதழ். இல்லாதவனுக்கு வெயிலில் வரிசை. கூலிக்காரன் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையில் இலவசப் பயிற்சி கொடு, பழகுநர் தேர்வை அவனவன் தாய்மொழியில் எழுத விடு என்று கேட்பது பிச்சையல்ல. இந்த நகரத்தின் சோற்றை வீடு வீடாகச் சுமப்பவர்களின் உரிமை.

செய்ய வேண்டியது

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளிடம் கொடுங்கள். ஆங்கிலத்தில் 'எம்.சி.டபிள்யூ.ஜி.' என்றிருந்தால் கியர் உள்ள வகை. 'எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.' என்றிருந்தால் கியர் இல்லாத வகை. நடுவிலே ஒரு 'ஓ', அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில்தான் பதினைந்து லட்சம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வகை தவறியிருந்தால் கவலை வேண்டாம். புதிய வகையை அதே லைசென்ஸில் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அது சேரும் வரை கியர் வண்டியைத் தொடாதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சங்கத்தில் ஞாயிறுதோறும் மாலை ஒரு மேசை போடுகிறோம். ஆங்கிலமும் மராத்தியும் படித்த நம் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து கேட்பார்கள். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக உள்ள தோழர்கள், தங்கள் கியர் வண்டியைத் தேர்வு நாளில் ஒரு தம்பிக்குக் கொடுத்து உதவுங்கள். பின்னால் உட்கார்ந்து கற்றும் கொடுங்கள். பெண்களும் வாருங்கள். ஸ்கூட்டரில் அண்டா கட்டிப் பலகாரம் விற்கும் தாய்மார்கள் எத்தனை பேர் லைசென்ஸ் இல்லாமல் பயந்து பயந்து ஓட்டுகிறீர்கள்! அபிடவிட் தேவைப்படுபவர்களை ஒரே நாளில் சேர்த்து அழைத்துப் போவோம். ஒருவன் போனால் "நாளை வா" என்பார்கள். இருபது பேர் போனால் நாற்காலி போடுவார்கள்.

அந்தத் தாயாரின் கோப்பையும் நாம் விடப்போவதில்லை. லைசென்ஸில் ஏதோ குறை என்பதை மட்டும் காட்டி, விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கான பொறுப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது, அந்தக் குறைதான் விபத்துக்கு முக்கியக் காரணமா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சுவரண் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்தத் தாயாரின் வழக்கு வேறு வகைப்பட்டது. அது சுலபமாக முடியும் என்று பொய் நம்பிக்கை ஊட்ட மாட்டோம். ஆனால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலுக்கு மனு கொடுத்துவிட்டோம்.

விடியற்காலை மூன்று மணிக்கு அந்த வீட்டில் இன்றும் விளக்கு எரிகிறது. இட்லி வேகிறது. அந்த மேசைக்கு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள், தோழர்களே. இன்னொரு வீட்டில் அப்படி விளக்கு எரிய விடமாட்டோம்.